கதவு வெளியே, மெத்தை உள்ளே

போன மாதம் கிளிநொச்சியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த உத்தியோகத்தர். தொழிற்சாலைகளையும் வேலைத்தளங்களையும் வகைபிரித்துப் பதிகிற அதே வேலை. நான் செய்த வேலை. இப்போது அவர்களுக்குக் கடதாசி இல்லை, கையில் ஒரு தட்டைக் கணினி. திரையில் வரிசையாகத் தொழில்கள் வரும், ஒன்றைத் தொட வேண்டும். அவளுக்கு எதைத் தொடுவதென்று தெரியவில்லை.

"அக்கா, குஷன் அடிக்கிற கடை தளபாட உற்பத்திக்குள்ள வருமோ?"

"பழைய கதிரைக்குப் புதுச் சீலை போட்டால் திருத்தல். புதுக் கதிரை செய்து சீலை போட்டால் உற்பத்தி. ரெண்டும் செய்தால், கூடின கை எதில கிடக்கு எண்டு பார்" என்றேன், மூச்சு விடாமல்.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். பரந்தனில், ஒரு மெத்தைக்கு மேலே இருந்து படித்தேன் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். பகிடி இல்லை. அவளுக்காகவும், அவளைப் போலத் திரையைத் தொட்டுக்கொண்டு திரிகிற மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடச் சேவை முடிந்ததும் நானே விலகிக்கொண்டேன். 'ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்' என்று மேடையில் யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எனக்கே சிரிப்பு வருகிறது. இப்போது சட்டம் படிக்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று வீட்டில் கேட்டுக் களைத்து விட்டுவிட்டார்கள்.

சமாதான காலத்தில், ஏ-ஒன்பது பாதை திறந்து பஸ் ஓடத் தொடங்கிய கையோடு எனக்கு வேலை கிடைத்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற சூடு ஆறவில்லை. வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள், கிளிநொச்சிக்கு நியமனம். ஒரு மோட்டார் சைக்கிள் தந்தார்கள். உதைத்தால் மூன்றாம் முறைதான் இயங்கும், இயங்கினால் நிற்காது. மாங்குளத்திலிருந்து பரந்தன் வரைக்கும் வீதியின் இரு பக்கமும் மரவேலைத் தளங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. தறப்பாள் கூரை, அதைத் தாங்க நான்கு மரக் கப்பு, உள்ளே வாள் சத்தம். எல்லாரும் திரும்பி வருகிறார்கள், எல்லாரும் வீடு கட்டுகிறார்கள். அந்தத் தளங்களை எல்லாம் பார்த்து, எது என்ன தொழில் என்று வகைபிரித்துக் கொழும்புக்கு அனுப்புவது என் வேலை. இதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் சிறு அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவகுருநாதன் சேர். கொழும்பிலும் கண்டியிலும் நெடுங்காலம் இருந்துவிட்டு வன்னிக்கு வந்தவர். அவர் கதிரையில் இருந்தபடி தீர்ப்புச் சொல்லமாட்டார். ஒரு பொருளை எந்த வகைக்குள் போடுவது என்ற கேள்வி வந்தால் எழுந்து நிற்பார். இரண்டு கைகளாலும் அந்தப் பொருளைக் காற்றிலே தூக்கிப் பார்ப்பார். அலுமாரி என்றால் முழங்கால் உண்மையாகவே மடியும். தூக்கி, இறக்கி வைத்துவிட்டு, பென்சிலால் ஒரு எழுத்துப் போடுவார். பேனையை எடுக்க முன்னர் ஒரு வெறுந்தேத்தண்ணி குடிக்க வேண்டும். "பென்சில் என்ர, பேனை அரசாங்கத்தின்ர" என்பார். யாருக்கும் பிழை என்று சொல்லமாட்டார். "பொருந்தேல்லை" என்பார். அந்தச் சொல்லைக் கேட்ட நாளில் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது.

பயிற்சி என்று அவர் தந்தது அநேகமாக இப்படியான கேள்விகள்தான். தேவாலயத்தில் சனம் வரிசையாக இருக்கிற நீள வாங்கு? தளபாடம். படமாளிகைக் கதிரை, பஸ் ஆசனம்? அவையும் தளபாடம்தான். பூங்காவில் சீமெந்தால் வார்த்த இருக்கை? இல்லை, அது சீமெந்துப் பொருள்களோடு போகும். சவப்பெட்டி? ஆள் படுத்தாலும் தளபாடம் இல்லை. சலூனில் சுத்துகிற கதிரை? நான் துள்ளிக்கொண்டு "தளபாடம்" என்றேன். "பொருந்தேல்லை" என்றார். அது பல்வைத்தியரின் கதிரையோடு, வைத்தியசாலைக் கட்டிலோடு ஒரு குடும்பமாம்.

"சலூன்காரருக்கு இதை ஆர் சேர் சொல்லுறது?"

"ஏன் சொல்ல வேணும்? அவருக்குக் கதிரை சுத்தினால் காணும்."

வேலைத்தளத்துக்குள் போனால் எப்படிப் பார்ப்பது என்பதையும் அவரிடமே பழகினேன். 'என்ன செய்கிறீர்கள்' என்று முதலில் கேட்கக்கூடாது. கேட்டால் தாங்கள் பெருமைப்படுகிறதைச் சொல்வார்கள், நாள் முழுக்கச் செய்கிறதைச் சொல்லமாட்டார்கள். நிலத்தில் கிடக்கிற சீவலைப் பார்க்க வேண்டும். மூலையில் முடிந்து நிற்கிற சாமானைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஆளாக, அவர் கை எதில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். கூடின கை எதில் கிடக்கிறதோ அதுதான் அந்த இடத்தின் தொழில். மற்றதெல்லாம் பக்கத் தொழில்.

இதெல்லாம் சுகம். ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். அதே தச்சர், அதே முதிரை மரம், அதே உளி. அலுமாரி செய்தால் தளபாட உற்பத்தி, கதவு செய்தால் கட்டட மரவேலை. இரண்டும் வெவ்வேறு வகை. இதைத் தச்சர்மாருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அதற்கு சேர் ஒரு வசனம் வைத்திருந்தார். கண்டியில் இருந்த காலத்தில் அவரே செதுக்கிய வசனமாம்: "வீடு மாறேக்க வண்டியில ஏறுறது தளபாடம். வீட்டோட நிக்கிறது கட்டட மரவேலை."

கேட்டவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. அதை ஒரு கடதாசித் துண்டில் அச்சடித்து, தளங்கள் தங்களைப் பதிய நிரப்புகிற விண்ணப்பத்தோடு சேர்த்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் ஒவ்வொரு தளத்துக்கும் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் விண்ணப்பத்துக்கு ஒரு பெறுமதியும் வந்திருந்தது. மீளத் திறந்த பள்ளிக்கூடங்களுக்கு மேசை கதிரை கொடுக்கிற திட்டம் ஒன்று தொடங்கியது. நிலத்தில் சாக்கு விரித்து இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள். அவற்றைச் செய்கிற ஓடரை உள்ளூரிலேயே கொடுக்கலாம், ஆனால் 'தளபாட உற்பத்தி' என்று வகைபிரிக்கப்பட்ட தளத்துக்கு மட்டும்தான். உள்ளூரில் அப்படி ஒரு தளம் இல்லையென்றால் வெளியிலிருந்து லொறியில் வந்து இறங்கும்.

பரந்தனில் யோகமலர் என்று ஒருவர், நாங்கள் யோகம் அக்கா என்போம், ஒரு மரவேலைத் தளம் நடத்தினார். அவருக்கு இழைப்புளி பிடிக்கத் தெரியாது. ஆனால் ஆளைப் பிடிக்கத் தெரியும். வேலை தெரிந்த தச்சர்களைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தார். வாய் என்றால் வாய். முதல் நாள் நான் போய் இறங்கியபோது, மோட்டார் சைக்கிள் நிற்க மறுத்து மரக் குவியலில் போய் முட்டியது. "அரசாங்கம் வந்திட்டுது, மரத்தை ஒதுக்குங்கோ" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

அந்த ஓடர் அவருக்கு ஆசை மட்டும் இல்லை. ஒரு நாள் தேத்தண்ணி தந்துகொண்டு, சத்தத்தைக் குறைத்து, சொன்னார். இப்போது எல்லாரும் கதவு நிலை, யன்னல் என்று கேட்டு வருகிறார்கள். வீடுகள் கட்டி முடிந்தால் அது நின்றுவிடும். நின்றால் தச்சர்மார் வேலை தேடி வவுனியாவுக்குப் போய்விடுவார்கள். ஒரு முறை போன ஆட்கள் திரும்பி வரமாட்டார்கள், கொட்டிலை மூட வேண்டியதுதான். பள்ளிக்கூட ஓடர் கிடைத்தால் அவர்கள் இங்கேயே நிற்பார்கள். வேம்பிலே ஒரு மாதிரி மேசையைக்கூட அவர் ஏற்கெனவே செய்வித்து, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்.

விண்ணப்பங்கள் நிரம்பி வந்தன. நான் எல்லாவற்றையும் கூட்டிக் கட்டிக் கொழும்புக்கு அனுப்பினேன். சில கிழமையில் கொழும்பிலிருந்து சரிபார்க்கிற அதிகாரி நஸீர் சேரின் தொலைபேசி. மென்மையான குரல், அதற்குள் ஊசி.

"மிஸ், உங்கட மாவட்டத்தில ஆட்களை விட அலுமாரி கூட போல இருக்கு. இவ்வளவு தளபாடத் தொழிற்சாலை, மரவேலைக்குப் பேர்போன மொரட்டுவையிலயும் இல்லை."

விண்ணப்பங்களின் பிரதிக் கட்டை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாத் தளமும் தன்னைத் தளபாட உற்பத்தி என்று போட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் தளபாடம் என்ற தலைப்பின் கீழ் முதலாவதாக நின்றது கதவு. அதற்குக் கீழே நிலை, யன்னல். ஒருவர் இருவர் என்றால் அவசரத்தில் பிழைவிட்டார்கள் என்று சொல்லலாம். மாங்குளத்திலிருந்து பரந்தன் வரைக்கும், ஒருவரோடு ஒருவர் கதைக்காத தச்சர்மார் எல்லாரும் எப்படி ஒரே பிழையை விடுவார்கள்? அதிலும் அந்தத் துண்டை வாசித்த பிறகு?

நேரே யோகம் அக்காவிடம் போனேன். ஏன் கதவைத் தளபாடத்துக்குள் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கள் தந்த துண்டில அப்பிடித்தானே கிடக்கு. வீடு மாறேக்க வண்டியில ஏறுறது எண்டு."

"கதவு வண்டியில ஏறுமோ, அக்கா?"

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "கேட்டியளே, கதவு வண்டியில ஏறுமோ எண்டு கேக்கிறா" என்றார். வாள் சத்தம் நின்றது. கொட்டில் முழுக்கச் சிரித்தது. ஒரு தச்சர் சிரிப்பு அடங்காமல் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"தங்கச்சி, சண்டைக்குள்ள நாங்கள் எத்தினை தரம் ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள்? ஒவ்வொரு தரமும் உழவு மெசினில முதல் ஏறினது கதவு. பிறகு யன்னல். பிறகு ஓடு. அதுக்குமேல இடம் கிடந்தால்தான் அலுமாரி. கட்டிலை விட்டிட்டு வந்தனான். கதவை விடேல்லை. கதவு இருந்தால் போற இடத்தில நாலு தடி நட்டு வீடெண்டு சொல்லலாம். கட்டிலை வைச்சுக்கொண்டு மரத்துக்குக் கீழ என்ன செய்யிறது?"

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ச் செய்து முடிந்த ஒரு கதவு நிலையைக் காட்டினார். வவுனியாவில் எங்கள் வீட்டு நிலையைச் சுவரோடு சீமெந்து வைத்துப் பூசியிருக்கும். இது அப்படி வைக்கச் செய்ததே அல்ல. மூலைகளில் ஆணி இல்லை, மர ஆப்பு. பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும். பொருத்துகிற ஒவ்வொரு இடத்திலும் உளியால் வெட்டிய அடையாளம்: ஒரு கோடு, இரண்டு கோடு, ஒரு குறுக்கு. வெளிச்சமில்லாத இடத்தில் தடவிப் பார்த்தாலும் எது எதோடு சேரும் என்று தெரிய வேண்டுமாம். கதவை நிலையோடு பிடிக்கிற பிணைச்சலின் கம்பியும் உருவுகிற மாதிரித்தான். இங்கே கதவு கேட்டு வருகிறவர்கள் மரத்தின் வைரம் பற்றிக் கேட்க முதல், கழற்ற எவ்வளவு நேரம் செல்லும் என்றுதான் கேட்பார்களாம்.

நான் மரக் குற்றி ஒன்றில் இருந்துவிட்டேன். தச்சர்மார் ஒருவரும் துண்டைப் பிழையாக வாசிக்கவில்லை. அதில் சொன்னபடி எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறார்கள். அந்த வசனத்தின்படி வன்னியில் கதவுதான் தளபாடம். விட்டுவிட்டுப் போன அலுமாரிதான் கட்டடம்.

சேரிடம் வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் வழக்கம்போல எழுந்து நின்றார். ஒரு கதவைக் காற்றிலே தூக்கினார். தூக்கியவர் இறக்கவில்லை. இரண்டு கையும் மேலே நிற்க, யன்னலுக்கு வெளியே வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீதியில் ஒரு உழவு இயந்திரம் போய்க்கொண்டிருந்தது, பெட்டி நிறையக் கூரைத் தடி.

"பொருந்தேல்லை" என்றார்.

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் அந்தத் துண்டை எடுத்து, தன்னுடைய வசனத்தைத்தான் பென்சிலால் வெட்டினார்.

"ஆக்கள் பொருந்தினம், பிள்ளை. வசனம்தான் பொருந்தேல்லை. வீடு ஒரு இடத்தில நிக்கும் எண்டு நினைச்சு எழுதினது."

ஆனாலும் கதவு தளபாடம் ஆகிவிடாது என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். அசைகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது பிழையான கேள்வி. எதற்காகச் செய்தது என்று பார்க்க வேண்டும். கதவு எந்த ஊருக்குப் பயணம் போனாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு சுவரின் இடைவெளியைத்தான் அடைக்கப் போகிறது. அறைக்குள்ளே மனிதனுக்கு உதவுவது தளபாடம். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு, சொல்லிச் சொல்லித் திருத்தி, புதிய வசனம் ஒன்று செய்தார்: "திறப்பை அடைக்கச் செய்தது கட்டடம். ஆள் இருக்க, படுக்க, சாமான் வைக்கச் செய்தது தளபாடம்."

கதவுகளை எல்லாம் எடுத்து மறுபக்கம் போட்டேன். தளபாடக் கட்டு பாதியாகச் சுருங்கியது. கதவு மட்டும் செய்த தளங்களுக்கு நட்டமில்லை. அவர்கள் கட்டட மரவேலைக்குள் ஒழுங்காகப் போனார்கள், வீடு கட்டிக் கொடுக்கிற திட்டத்துக்கு அந்த வகைதான் தேவைப்பட்டது. அடிபட்டது யோகம் அக்காதான். கொட்டிலில் பாதிக்குமேற்பட்ட கை கதவிலேயே கிடந்தது. அலுமாரியும் மேசையும் செய்கிற கை குறைவு. கட்டட மரவேலை என்று விழுந்தால் பள்ளிக்கூட ஓடர் இல்லை. நஸீர் சேர் அடுத்த கிழமை நேரே வந்து பார்க்கப் போகிறார் என்று வேறு செய்தி வந்தது.

அலுவலகத்து வாசலில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு நின்றேன். முதலாம் உதை, புதிய வசனத்தை வாய்க்குள் சொன்னேன். ஆள் இருக்க. இரண்டாம் உதை. ஆள் படுக்க.

படுக்க!

யோகம் அக்காவின் கொட்டிலுக்குப் பின்னால் இன்னொரு கொட்டில் இருக்கிறது. அங்கே பெண்கள் இருந்து இலவம் பஞ்சு அடைத்து மெத்தை தைக்கிறார்கள். அதை நான் கண்டிருக்கிறேன். ஒரு முறை களைத்துப்போய் அந்த மெத்தையில் இருந்துதான் என் குறிப்புகளை எழுதினேன். ஆனால் யோகம் அக்கா நிரப்பித் தந்த விண்ணப்பத்தில் அந்தக் கொட்டிலே இல்லை. உள்ளே ஓடிப்போய் வகைபிரிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது: மெத்தை, தளபாட உற்பத்தியில் சேரும். மரமாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

மோட்டார் சைக்கிள் அன்று முதல் உதையிலேயே இயங்கியதா என்று எனக்கு ஞாபகம் இல்லை. பரந்தனுக்குப் போய்ச் சேர்ந்தது மட்டும் ஞாபகம்.

"அக்கா, மெத்தைக் கொட்டிலை ஏன் எழுதேல்லை?"

"அது பொம்பிளையளின்ர தையல் வேலையெல்லோ. நீங்கள் மரவேலையைத்தானே கேட்டனீங்கள்?"

"மெத்தை தளபாடம்."

"ஆர் சொன்னது?"

"அரசாங்கம்."

யோகம் அக்கா இடுப்பில் கை வைத்தார். "அப்ப, தச்சன் முதிரையில செய்த கதவு தளபாடம் இல்லை. ராசாத்தி ஊசியால செய்தது தளபாடம். உங்கட அரசாங்கத்துக்கு ஆரோ நல்ல மெத்தை குடுத்துப் படுக்க வைச்சிருக்கினம், தங்கச்சி."

ராசாத்தி அந்தப் பின் கொட்டிலுக்குத் தலைவி மாதிரி. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், தேயிலைத் தோட்டத்துப் பேச்சு நாக்கில் அப்படியே இருந்தது. செய்தி கேட்டதும் முன் கொட்டிலுக்குப் போய், தச்சர்மாரைப் பார்த்து, இனிமேல் எங்களைத் தையல்காரி என்று கூப்பிடாதீர்கள், நாங்கள்தான் தளபாடக்காரிகள், நீங்கள் கதவுக்காரர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று முழுக்க அந்தக் கொட்டிலில் வேலை நடந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

நஸீர் சேர் வந்தார். கறுப்புக் காற்சட்டை, இஸ்திரி மடிப்புக் கத்தி மாதிரி. சிவகுருநாதன் சேரும் வந்தார்; அவர் களத்துக்கு வருவது அபூர்வம். முன் கொட்டிலில் நஸீர் சேர் ஒன்றையும் கேட்கவில்லை. நிலத்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி, நம்முடைய முறைதான். கதவு என்று பென்சிலால் குறித்தார். பின் கொட்டிலுக்குள் கால் வைத்ததும் இலவம் பஞ்சு எழும்பி அவருடைய காற்சட்டையில் பனி மாதிரி ஒட்டியது.

மெத்தைகளை எண்ணிக்கொண்டு போனவர் ஓர் இடத்தில் நின்றார். அங்கே தலகணி குவிந்து கிடந்தது.

"மிஸ், மெத்தை உங்கட பக்கம். ஒத்துக்கொள்றேன். தலகணி?"

எனக்கு அது தெரியும். இரவிரவாக அந்தப் பக்கத்தைப் பாடமாக்கியிருந்தேன். தலகணி தளபாடம் இல்லை. படுக்கை விரிப்போடு, போர்வையோடு, துணிப் பொருள்களின் வகை. மறைத்துப் பயனில்லை.

"தலகணி துணி, சேர்."

"அப்ப இங்க துணி வேலையும் நடக்குது. இந்தப் பெண்களில எத்தினை பேர் மெத்தைக்கு, எத்தினை பேர் தலகணிக்கு? தலகணியைக் கழிச்சால் உங்கட கணக்கு நிக்குமா?"

சிக்கலான இடம் அதுதான். தலகணிக் குவியல் பெரிது. அதைச் செய்த கைகளைத் துணிக்குள் தள்ளினால், தளபாடத்தின் பக்கம் மெலிந்துவிடும், கதவு முன்னுக்கு வந்துவிடும். யோகம் அக்கா, அவருக்கு வாய்க்குப் பஞ்சமே இல்லை, ஒரு சொல்லும் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவகுருநாதன் சேர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். உதவமாட்டார் என்று விளங்கியது. இது என் கையிலேயே விடப்பட்டது.

குவியலைப் பார்க்கக்கூடாது, கையைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். எல்லாப் பெண்களின் கையிலும் மெத்தை. ஒரு கையிலும் தலகணி இல்லை.

"ராசாத்தி அக்கா, தலகணி எப்ப செய்யிறனீங்கள்?"

"அதுக்குன்னு நேரம் ஏதுங்கம்மா? மெத்தைக்குக் கொட்டுன பஞ்சுல சாயங்காலம் மிச்சம் கெடக்கும். காத்துல பறந்து போகாம ஒறையில அள்ளிப் போட்டு வாயத் தச்சுட்டு வீட்டுக்குப் போவோம். மெத்த இல்லாத நாளு தலகணியும் இல்லைங்க."

நான் நஸீர் சேரின் பக்கம் திரும்பினேன். வாய் எனக்கு முந்திவிட்டது.

"சேர், தச்சர் மேசை செய்தால் சீவல் விழும். சீவலை அள்ளி அடுப்புக்கு வித்தால் அவர் விறகு வியாபாரி ஆவாரோ? தலகணி இந்தக் கொட்டிலின்ர சீவல். தொழில் மெத்தை. முன்னுக்கு அலுமாரி, மேசை செய்யிற கையையும் பின்னுக்கு மெத்தை செய்யிற கையையும் கூட்டுங்கோ. கதவில கிடக்கிற கையைவிடக் கூட. இது தளபாடத் தளம், கதவும் செய்யுது."

நஸீர் சேர் சிவகுருநாதன் சேரைப் பார்த்தார். "உங்கட பிள்ளைக்கு நீங்கதான் படிப்பிச்சதா?"

"புத்தகம் படிப்பிச்சது நான். சீவல் அவவின்ர சொந்தம்" என்றார் சேர்.

நஸீர் சேர் காற்சட்டையில் ஒட்டிய பஞ்சை ஒரு தட்டுத் தட்டினார், அது போகவில்லை. பிறகு முன் கொட்டிலுக்குப் போய், சாக்கை விலக்கி, மாதிரி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிச் சரிந்து பார்த்தார். ஆடவில்லை. ஏறி நிற்கலாமா என்று கேட்டார். "ஏறுங்கோ, ஆனால் பிள்ளையள் ஏறேக்க செருப்புக் கழட்டுவினம்" என்றார் யோகம் அக்கா. அவருக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. நஸீர் சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். இறங்கி, அந்த மேசையிலேயே தாளை விரித்து, 'தளபாட உற்பத்தி' என்று எழுதினார். பென்சிலால் இல்லை. பேனையால்.

நான் கத்தவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் கத்தக்கூடாது. கொட்டிலுக்குப் பின்னால் போய், அடுக்கியிருந்த மெத்தைக் குவியலில் முதுகு அடிபட விழுந்தேன். ராசாத்தி பார்த்துவிட்டு, சாமான் பழுதாப் போயிரும், எறங்குங்கம்மா என்றார்.

ஓடர் கிடைத்தது. தச்சர்மார் ஒருவரும் வவுனியாவுக்குப் போகவில்லை. வவுனியாவிலிருந்து இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள். எங்கள் மாவட்டத்துக் கட்டு அந்த முறை ஒரு கேள்விக்குறியும் இல்லாமல் கொழும்பில் ஏற்கப்பட்டது. சேரின் புதிய வசனத்தை மற்ற மாவட்டங்களுக்கும் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நான் பல இடங்களில் பல தொழில்களை வகைபிரித்திருக்கிறேன். நாயாற்றில் வலைக்காரரோடு, முல்லைத்தீவில் திரும்பி வந்த முஸ்லிம் வியாபாரிகளோடு மணித்தியாலக் கணக்கில் வாதாடியிருக்கிறேன். ஒன்றிலும் நான் அன்று போலப் பயந்ததும் இல்லை, அன்று போல வென்றதும் இல்லை. பின்வந்த வருடங்களில் அந்த மேசைகளும் கதவுகளும் எங்கெங்கே போயின என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இது வென்ற கதை.

முதல் தொகுதி மேசை கதிரை பள்ளிக்கூடத்தில் இறங்கிய நாளில் போயிருந்தேன். தச்சர்மார் வரிசையாக அடுக்கிவிட்டு, வகுப்பின் பின்பக்கத்தில் நின்று தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராசாத்தியும் வந்திருந்தார், மெத்தை போடாத கதிரையில் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று அவருக்குக் கவலை. யோகம் அக்கா முதல் வரிசையில் நடு மேசைக்குப் போய், சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்தச் சின்னக் கதிரையில் மெல்ல இருந்தார். இரண்டு கையையும் மேசையின் மேல் வைத்தார். உள்ளங்கையால் பலகையை ஒரு முறை தடவினார்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். யோகம் அக்கா எழும்பவில்லை.

"பொறுங்கோ பிள்ளையள்" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "தளபாடம் சரியோ எண்டு அரசாங்கம் பாக்குது."